மிளகின் நோட்டில் என் கையெழுத்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிப்பதைவிட அது நல்லது. என் மகளின் நோட்டில் நான் ஒரு பொய் எழுதினேன். நீல மையில், பத்தே சொற்கள்.

"இன்று ஓட்டைப்பல் வந்தாள். அட்டை விளையாடினோம். நன்றாக இருந்தது. அடுத்த வாரமும் வருவாள்."

முதல் ஐந்து சொற்கள் உண்மை. கதை எழுதுகிறவன் பாதிக்குப் பாதி உண்மை சேர்த்தாலே பெரிய மனசு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அது கதை எழுதும் நோட்டு இல்லை. பத்து வயதுக் குழந்தை ஒருத்தி தன் ஞாபகத்தை வைத்திருக்கும் இடம் அது.

இதைச் சொல்ல இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். "மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில்" என்பது முதலாவது. அன்று மழையே இல்லை. மழையைக் கொண்டுவந்தால் உங்கள் மனம் தானாக இளகிவிடும் என்ற சோம்பேறித்தனம். "அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வந்த மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி" என்பது இரண்டாவது. அவர் கையுறையைக் கழற்றியதை நான் பார்க்கவில்லை. அவர் வந்தபோது நான் கழிவறையில் இருந்தேன். அவர் சொன்னதைத் தனியாக நின்று கேட்டவள் என் மனைவி. [இதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டித் தொலைத்தால் தேவலை என்று சில நாள் தோன்றும்.]

மூன்றாவது, "மூளையில் கட்டி வந்து பிழைத்த குழந்தைகளின் துயரம் என்னவென்றால்". அதற்கு மேல் அந்த வாக்கியம் நகரவில்லை. என்னவென்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

2

மிளகு என்பது வீட்டில் வைத்த பெயர். பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாள், அத்தனை காரமாகக் கத்தினாள். எட்டு வயதில் தலைக்குள் கட்டி வந்தது. எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பிழைத்தாள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எல்லாரும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. "பல்ல தேச்சுட்டு, டிரஸ் மாத்திட்டு, பைய எடுத்துட்டு வா" என்று சேர்ந்தாற்போலச் சொன்னால், பிரஷ்ஷும் கையுமாகக் குளியலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்ப்பாள். வகுப்பில் பலகையை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகும்போது இவள் முதல் வரியில் இருப்பாள். நான்கு வரி எழுதினால் கை நடுங்கும். காலையில் நடந்தது மாலைவரை இருக்கும், மறுநாள் பெரும்பாலும் இருக்காது.* கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஒரு நிமிடம் கழித்து, பறந்ததைப் பார்த்து அவளே மிரண்டு அழுவாள்.

* "பெரும்பாலும்" என்பதைக் கவனியுங்கள். சினிமாவில் வருகிற, எல்லாம் துடைத்துப்போன மறதி இல்லை இது. நோய்க்கு முந்தியதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அவளுடைய ஐந்து வயதில் நான் உடைத்த குடையை இன்றும் கேட்கிறாள். புதிதில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. எது ஒட்டும் என்று யாருக்கும் தெரியாது.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கடைசி அறையில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிற ஓர் அம்மா இருக்கிறார். சின்ன நாற்காலிகள், சுவரில் சாந்தம் முதல் ஆத்திரம் வரை ஐந்து முகங்கள், ஜன்னலோரம் ஒரு மீன் தொட்டி. எல்லாக் குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுப்பதால் அவருக்கு நோட்டு டீச்சர் என்று பெயர்.

அவர் மிளகுக்கு இரண்டு பொருள்கள் கொடுத்தார். ஒன்று, உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை. தலை களைத்துப்போனாலோ கோபம் ஏறினாலோ அதை எதிரில் வைத்துவிட வேண்டும். வைத்தால் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். இன்னொன்று நோட்டு.

"ரொம்ப சுலபம் சார்" என்றார் என்னிடம். "யாரு வந்தாங்க, எங்க போனோம், என்ன நடந்துச்சு. அவ கை வலிக்குதுன்னா அவ சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. அவ வார்த்தையிலேயே எழுதுங்க. எது முக்கியமோ அந்தப் பக்கத்துல அவளே ஒரு நட்சத்திரம் போடட்டும். நட்சத்திரம் போட்ட பக்கத்த தினமும் காலைல எந்திரிச்சதும் படிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் என் தொழிலைத் தெரிந்துகொண்டு சொன்னாரா என்பது எனக்குச் சந்தேகம்.

3

என் தொழில்: பதிப்பகம் ஒன்றில் பிழைதிருத்துகிறேன். இருபது வருடம் ஆகிறது. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இந்த இரண்டும் சேர்ந்த ஓர் ஆளின் கையில் அந்த நோட்டைக் கொடுத்திருக்கவே கூடாது.

முதலில் சில்லறைத் திருத்தங்கள்தான். "அப்புறம் சாப்ட்டேன் அப்புறம் தூங்குனேன் அப்புறம்" என்று அவள் சொன்னால் இரண்டு 'அப்புறம்'களை எடுத்துவிடுவேன். பிறகு, "அம்மா கத்துனா" என்பது "அம்மா சோர்வாக இருந்தாள்" ஆனது. மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்று பேசிவிட்டு வருகிறவள், சோர்வாகத்தானே இருப்பாள்? பொய் இல்லையே. இப்படித்தான் ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு ஓட்டைப்பல் வந்தாள். அடுத்த கட்டடத்துப் பெண், நோய்க்கு முன்பு மிளகின் வகுப்புத் தோழி, இப்போது வேறு பள்ளி. முன்பல் முளைத்து வருடங்கள் ஆகியும் பெயர் மட்டும் ஓட்டையாகவே நின்றுவிட்டது. ஐந்து மாதம் கழித்து அன்றுதான் எட்டிப்பார்த்தாள். ஒரு தலை உயரம் கூடியிருந்தாள். கையில் ஒரு தகர டப்பா. உள்ளே படம் போட்ட அட்டைகள். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகத் திருப்பி, எந்தப் படம் எங்கே இருந்தது என்று நினைவு வைத்து ஜோடி சேர்க்க வேண்டும்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? உலகத்தில் இத்தனை விளையாட்டு இருக்க, என் மகளால் ஆடவே முடியாத ஒன்று. எனக்கும் அப்போதே புரிந்தது. டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு நிறம் தீட்டக் காகிதம் எடுத்துக் கொடுத்திருக்கலாம். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்திருந்த அழகில் மயங்கி, பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்து, சும்மா நின்றேன்.

ஓட்டைப்பல் பதினொரு ஜோடி. மிளகு ஒன்று, அதுவும் குருட்டு அதிர்ஷ்டம்.

"இதத்தானே இப்பப் பாத்த? அந்த ஓரத்துல இருக்குடி" என்றாள் ஓட்டைப்பல். கேலி இல்லை. உதவிக்குச் சொன்னதுதான்.

தகர டப்பா பறந்தது. அதன் மூலை ஓட்டைப்பல்லின் புருவத்துக்கு மேலே வெட்டியது. ரத்தம், கூச்சல், துண்டு, அவளுடைய அம்மா ஓடிவந்தது, மூன்று தையல். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படிக்கட்டுவரை போனது.

மாலை ஆறு மணிக்கு மிளகு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது. தெளிவாகச் சொன்னாள்.

"ஓட்டைப்பல் வந்தா. அட்டை விளையாண்டோம். நான் டப்பாவ அவ மூஞ்சில எறிஞ்சேன். ரத்தம் வந்துச்சு. அவ இனிமே வரமாட்டா."

ஒரு வாக்கியத்திலும் கை வைக்கத் தேவையில்லாத பிரதி. இருபது வருடத்தில் அப்படி ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை. நாளைக் காலையில், மறுநாள் காலையில், அதற்கு மறுநாள் காலையில் எழுந்து இவள் இதைப் புதிதாகப் படிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தினமும் எழுந்ததும் முதல் செய்தி, தான் ஒரு கெட்ட பெண் என்பது. என்னால் முடியவில்லை. பத்துச் சொற்களை எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்டா."

"படி."

படித்தேன். நோட்டில் ஒன்று எழுதியிருக்க, அவள் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் வாயால் ஒப்பித்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி, நடுங்கும் கையால் பக்கத்தின் மூலையில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

4

ஆறு வாரம். நாற்பத்திரண்டு காலைகள். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, விரல் வைத்து, "அடுத்த வாரமும் வருவாள்" என்று படிப்பாள். வெள்ளிக்கிழமை மாலை ஓட்டைப்பல் வீட்டுக்கு அழைக்க என் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவாள். எந்த வெள்ளிக்கிழமையும் ஓட்டைப்பல் பேசவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு அது முதல் வெள்ளிக்கிழமை. நான்? நான் பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் [இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.]

ஏழாவது வாரம் ஓட்டைப்பல்லின் அம்மா எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு எங்களுக்கும் தெரியும். அடிச்சத நாங்க பெருசு பண்ணல. ஆனா வாரா வாரம் போன் பண்ணி, 'அன்னைக்கு நல்லா இருந்துச்சுல்ல, எப்ப வருவே'ன்னு கேக்குறாளே. எம்பொண்ணு தழும்பத் தடவிக்கிட்டே நிக்கிறா. 'எதுக்கும்மா என்னைக் கிண்டல் பண்றா'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

"நான்தான்" என்று ஆரம்பித்தேன். பிறகு, "நான் பாத்துக்கிறேம்மா" என்று முடித்தேன்.

5

அந்த வாரம் பயிற்சி அறையில் மிளகு மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல், சொன்னாள்.

"டீச்சர், என் தல கெட்டுப்போச்சு."

"ஏன்டா அப்படிச் சொல்றே?"

"நோட்டுல ஓட்டைப்பல்கூட வெளையாண்டது நல்லா இருந்துச்சுன்னு இருக்கு. அவ பேரப் படிச்சா வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. பயமா இருக்கு. நோட்டு சரி. எனக்குத்தான் தப்புத் தப்பாத் தோணுது."

நோட்டு டீச்சர் அவளை மீன்களை எண்ணச் சொல்லிவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். வராந்தாவில் சக்கர நாற்காலிகளை வரிசையாக மடித்து வைத்திருந்தார்கள். அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், நடந்தது அவளுக்குத் தங்காது. நடந்தப்போ வந்த பயமும் வெக்கமும் தங்கும். எதனாலன்னு தெரியாம வயித்துல உக்காந்துக்கும். அது எதனாலன்னு அவளுக்குச் சொல்லத்தான் அந்த நோட்டு. அவளோடதுன்னு மிச்சம் இருக்கிறது அந்த வயித்து நெனப்பு ஒண்ணுதான். அதையும் பொய்னு ஆக்கிட்டீங்களே."

"அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"அவ கஷ்டப்படலையா இப்ப?"

6

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பாத்திரங்களைச் சந்தேகப்படுகிறேன்.

நோட்டு டீச்சரை அளவுக்கு மீறி ஞானியாக்கிவிட்டேனோ? அன்று அவருக்கு ஜலதோஷம். பேச்சுக்கு நடுவே இரண்டு முறை மூக்கைச் சிந்தினார். அதை விட்டுவிட்டேன், சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, "என்னைய ஏதோ ஒண்ணும் தெரியாத அப்பாவியா வெச்சிருக்கே" என்றாள். "நோட்ட அன்னைக்கே படிச்சுட்டேன். அம்மா சோர்வா இருந்தாள்ங்கிறதும் படிச்சேன், இதையும் படிச்சேன். எனக்கும் அது புடிச்சிருந்துச்சு. அதான் வாய மூடிட்டு இருந்தேன். அத எழுது." எழுதிவிட்டேன்.

என்னைப் பற்றித்தான் பெரிய சந்தேகம். "நான் தப்பு செய்துவிட்டேன்" என்று இத்தனை பக்கம் உருகுகிறவனை நான் வேறு யாருடைய கதையிலாவது பார்த்தால், ஆள் குற்றவுணர்ச்சியில் குளிர்காய்கிறான் என்று ஓரத்தில் குறித்து அனுப்பியிருப்பேன்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மிளகிடம் உண்மையைச் சொன்னேன். நீ டப்பாவை எறிந்தாய், அவளுக்கு அடிபட்டது, நான் மாற்றி எழுதினேன். அவள் என் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். பிறகு அழுதாள், பிறகு களைத்துத் தூங்கிப்போனாள். என் மேலிருந்த பாரம் இறங்கியது.

திங்கட்கிழமை காலையில் முக்காலியில் உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்துவிட்டு, "அப்பா, இந்த வாரம் ஓட்டைப்பல் வருவாளா?" என்றாள்.

மறுபடி சொன்னேன். மறுபடி முதல் முறையாகக் கேட்டாள், முதல் முறையாக அழுதாள். புதன்கிழமை மூன்றாவது தடவை. இந்தத் தடவை எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழகியிருந்தது. குரல் சரியான இடத்தில் உடைந்தது. மூன்றாவது தடவை மிக நன்றாகச் சொன்னேன். நான் செய்ததிலேயே அசிங்கமான காரியம் எது என்று கேட்டால், அந்தப் பத்துச் சொற்களைவிட இதைத்தான் காட்டுவேன்.

ஆக, வாயால் சொல்லிப் பயனில்லை. உண்மை அவளிடம் தங்க வேண்டுமென்றால் நோட்டில் ஏற வேண்டும். நோட்டில் ஏறினால் அவள் தினமும் படிப்பாள். தோழியை ரத்தம் வர அடித்தேன், அப்பா என்னிடம் பொய் சொன்னார், என்று தினமும் புதிதாக.

8

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று. அப்பா உண்மையை எழுதுகிறான். குழந்தை தினமும் அழுகிறாள். நோட்டு டீச்சர் சொல்வதுபோல ஒரு மாதத்தில் அழுகை குறைகிறது, வயிற்று வலிக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. குறையாமலும் போகலாம். அதை அவரும் மறைக்கவில்லை.

முடிவு இரண்டு. அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறான். ஓட்டைப்பல் வந்ததே இல்லை. வலி மட்டும் ஊர் பேர் தெரியாமல் வயிற்றில் இருக்கிறது.

முடிவு மூன்று. அழைப்புமணி. வாசலில் ஓட்டைப்பல். புருவத்தின் மேல் தழும்பு, கையில் வண்ணப் பென்சில்கள். "வாடி, அந்த அட்டையாட்டம் வேணாம், படம் வரையலாம்" என்கிறாள். இதை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மிக நன்றாக வந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

9

நடந்தது இதுதான். நான்காவது தடவை, நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். நன்றாகச் சொல்லக் கூடாது என்று முயன்றேன். நான் எழுதிய வரிகளைக் காட்டினேன். "இது நீ சொன்னது இல்லடா. அப்பாவா எழுதுனது."

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"அப்ப வயித்துல பண்ணது நெசந்தானா?"

"நெசந்தான்."

"என் தல கெட்டுப்போகலையா?"

"அது சரியாத்தான் சொல்லிச்சு."

நான் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "கிழிக்காத. கிழிச்சா எனக்குத் தெரியாமப் போயிடும். அப்பா எழுதுனதுன்னு பக்கத்துல எழுது."

எழுதினேன். 'அப்பா எழுதினது.' அந்த நோட்டில் நான் எழுதிய முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

"பேனாவக் குடு."

"கை வலிக்கும்டா. நீ சொல்லு, நான் அப்படியே எழுதறேன்."

அவள் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து எனக்கு எதிரே வைத்தாள். இத்தனை நாளில் அதை அவள் வீட்டில் பயன்படுத்தியதே இல்லை. நான் எழுந்து போனேன்.

நாற்பது நிமிடம் எழுதினாள். இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டு, நடுநடுவே விரலை உதறிக்கொண்டு. மனைவி கடையிலிருந்து வந்து, என்னோடு கதவருகே நின்று பார்த்தாள். உள்ளே போகவா என்று நான் ஜாடை கேட்டபோது வேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முடித்ததும் மிளகு ஒரு நட்சத்திரம் போட்டாள். நோட்டை மூடி, அதன் மேலட்டையில் பெரிதாக ஒரு வரி எழுதினாள்: அப்பா தெறக்கக் கூடாது. அதில் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. என் விரல் பேனாவைத் தேடியது. திருத்தவில்லை.

இப்போது இரண்டு மாதம். காலையில் முக்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் தன் பக்கம் சாய்த்துப் படிக்கிறாள். படித்து முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். சில நாள் என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். சில நாள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். இரண்டும் ஒரே பக்கத்தைப் படித்த பிறகு. போன வெள்ளிக்கிழமை என் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். இவள் ஏதோ சொன்னாள், சின்னதாக. ஓட்டைப்பல் இதுவரை வரவில்லை.

ஆகவே இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை, அந்த நோட்டில் இருக்கிறது. நீங்கள் எப்போதாவது வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளாகவே காட்டக்கூடும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள், நேரமாகும். மஞ்சள் அட்டையை வைத்தால் எழுந்துவிடுங்கள். என்னைப் பற்றி அதில் என்ன இருந்தாலும், படித்துவிட்டு என்னிடம் வந்து சொல்லாதீர்கள். தெரிந்தால் நான் திருத்திவிடுவேன்.